பேசுபவர் ஒருவர், பணம் தருபவர் ஒருவர்

மணிவிழா, பீமரத சாந்தி, சதாபிஷேகம். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் யாருக்காவது அறுபதோ எழுபதோ எண்பதோ நிறையப் போகிறது என்றால் எனக்கு வேலை வரும். விழாவுக்கு வருகிறவர்களுக்கு விருந்து, தாம்பூலப் பை, கூடவே ஐயாவின் வாழ்க்கை வரலாறு ஒரு பிரதி. அட்டையில் ஐயாவின் பெயர்தான் இருக்கும். உள்ளே எழுதியது நான். நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு வெளியே வந்தபின் இதுதான் முழுநேரப் பிழைப்பு. கம்பெனி வரலாறு, கல்லூரித் தாளாளர்களின் மேடைப்பேச்சு, டாக்டர்கள் பெயரில் வருகிற தொடர் கட்டுரை என்று மற்றதும் எழுதித் தருகிறேன். ஆனாலும் மனசுக்குப் பிடித்தது வாழ்க்கை வரலாறுதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "கிளையன்ட்டை எப்படிக்கா சமாளிக்கிறீங்க?" எழுதுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது தெரியும் என்ற நினைப்பு. சமாளிக்கிறது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கிளையன்ட் யார் என்று முதல் நாளே தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை வராது. ஒரு வாழ்க்கை வரலாற்றில் பேசுகிறவர் ஒருவர், பணம் தருகிறவர் இன்னொருவர், அச்சானதும் முதல் பக்கத்திலிருந்து குற்றம் கண்டுபிடிக்கிற ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், ஒரு கூட்டம். மூன்று பேருக்கும் வேண்டியது வேறு வேறு புத்தகம்.

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் கதையைச் சொல்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

என்னைக் கூப்பிட்டது மகன். நாற்பதை ஒட்டிய வயது, எக்ஸ்போர்ட் பக்கம் முழுக்க அவர்தான் பார்க்கிறார். போனில் முதல் கேள்வி எல்லோரும் கேட்பதுதான்: "பக்கத்துக்கு எவ்வளவுங்க?" டிடிபி செய்கிறவர்கள், அதாவது கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைக்கிறவர்கள், பக்கக் கணக்கில் வாங்குவதால் வருகிற கேள்வி. பக்கக் கணக்குக்கு நான் ஒத்துக்கொள்வதே இல்லை. அப்படிப் பேசினால் எழுதுகிறவள் புத்தகத்தை நீட்டுவாள், கொடுக்கிறவர் எழுத்தைச் சின்னதாக்கச் சொல்லுவார். டெமி அளவில் பத்து ஃபாரம் (அச்சகக் கணக்கில் ஒரு ஃபாரம் 16 பக்கம்), அதாவது 160 பக்கம் ஒட்டி வரும், இவ்வளவு மணி நேரம் பேட்டி, இத்தனை முறை திருத்தம், மொத்தம் இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொல்லிவிடுவேன். அவர் பேரம் பேசினார். நான் தொகையைக் குறைக்காமல் வேலையைக் குறைத்தேன்: படங்களுக்குக் குறிப்பு எழுதுவதை அவர் ஆபீஸ் ஆளே பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். கொஞ்ச நேரத்தில் பழைய தொகைக்கே சரி என்றார்.

நேரில் பார்த்தபோது மகன் ஒரு பட்டியல் வைத்திருந்தார். எந்தெந்த நாட்டுக்கு ஏற்றுமதி, எந்த ஆண்டு என்ன டர்ன்ஓவர், வாங்கிய விருதுகள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அது "ரெண்டு வரி போதுங்க". 1984 பற்றி ஒன்றுமே இல்லை. பஞ்சப்படி கேட்டு 127 நாள் பனியன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த ஆண்டு அது. திருப்பூர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையில் அந்த ஆண்டு இல்லாமல் போனால் படிக்கிறவன் அந்த இடத்தில்தான் விரலை வைப்பான். பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, "ஐயா என்ன சொல்றாருன்னு கேட்டுட்டு வர்றேனுங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஐயாவை முதலில் உட்கார வைத்தது ஏசி அறையில். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் அவர் முதலாளி ஆகிவிட்டார். "கடின உழைப்பு, நேர்மை, நாணயம்" என்று ரோட்டரி சங்கத்தில் பேசுகிற மாதிரியே பேசினார். ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு வரிகூடத் தேறவில்லை. அடுத்த தடவை, "ஐயா, நிட்டிங் ஓடற எடத்தக் காட்டுங்களேன்" என்றேன். அங்கே போனதும் ஆள் மாறிவிட்டார். மெஷினிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். "நூத்தி எம்பது" என்றார். பக்கத்திலிருந்த பையன், துணியின் எடை பார்க்கத் துண்டு வெட்டுகிற ஜிஎஸ்எம் கட்டரை அழுத்தித் திருகி வட்டமாக ஒரு துண்டு வெட்டித் தராசில் வைத்தான். 1.79 கிராம். நூறு சதுர சென்டிமீட்டர் வட்டம் அது, நூறால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 179 கிராம். ஐயா சிரிக்கவே இல்லை. "மழைக்காலத்துல கொஞ்சம் ஏமாத்தும்" என்றார். அந்த இடத்தில் நின்றபடியே, கைமடிக்கிற பையனாகத் தான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். புத்தகத்தின் முதல் அத்தியாயம் அங்கே நின்றபடி கிடைத்தது.

அதனால் பேட்டி எங்கே என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்று இப்போதெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மில்லில் இருந்தவரை மில்லிலும், விவசாயியைத் தோட்டத்திலும், வாத்தியாரை அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்திலும் பேச வைக்க வேண்டும். சத்தம் வரும், பதிவு கரகரக்கும், கேட்டு எழுதுவது இரட்டிப்பு வேலை. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க எனக்கு அரை நாள் போய்விடும். போனில் இருக்கிற குரல் தட்டச்சு செய்தி வாசிக்கிற தமிழைத் தாங்கும், எங்கள் ஊர்ப் பேச்சுக்கு மூச்சுத் திணறும். இந்த நேரத்தையும் சேர்த்துத்தான் தொகை சொல்ல வேண்டும். பேட்டி நேரத்தை மட்டும் கணக்குப் போடுகிறவர்கள் ஆறே மாதத்தில் வேறு வேலை தேடுகிறார்கள்.

அடுத்து நடை. மகனுக்கு நான் அனுப்பிய முதல் மாதிரி அத்தியாயம் பிடிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்குதுங்க, ஆனா கெத்தா இல்லீங்களே." அவருக்குத் தெரிந்த ஒருவர் அந்தப் பகுதியை இப்படித் திருத்தித் தந்திருந்தார்: "வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவித்த அந்த இளஞ்சிறுவனின் நெஞ்சில் கனன்ற இலட்சியத் தீ..." ஐயா என்னிடம் உண்மையில் சொன்னது இது:

"எங்கம்மா அடுப்புப் பத்த வெக்கிறதுக்கு முன்னாலயே நான் கெளம்பீருவனுங்க. வெள்ளெனே. போசில பழைய சோறு. சனிக்கெழம சம்பளம். வாங்குனத அப்படியே அம்மா கைல குடுத்தர்றது. அவங்க எண்ண மாட்டாங்க. முந்தானைல முடிஞ்சுக்குவாங்க."

நான் எழுதியது:

"அம்மா அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்பே கிளம்பிவிடுவேன். போசியில் பழைய சோறு. சனிக்கிழமை சம்பளம். வாங்கியதை அப்படியே அம்மா கையில் கொடுப்பேன். அம்மா ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. முந்தானையில் முடிந்துகொள்வார்."

கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யவில்லை என்று தோன்றும். அதற்குத்தான் காசு. மகனிடம் வாதம் செய்யவில்லை. இரண்டையும் பிரிண்ட் எடுத்துப் போய் ஐயா முன்னால் வாய்விட்டுப் படித்தேன், எது யார் எழுதியது என்று சொல்லவில்லை. இலட்சியத் தீ வந்தபோது மரியாதையாகத் தலையாட்டினார். முந்தானை வந்தபோது, "ஆமாங் அம்மிணி, மஞ்சச் சீலை" என்றார். மகன் அதற்கப்புறம் நடையைப் பற்றிப் பேசவே இல்லை. மஞ்சள் சேலை அடுத்த பிரதியில் சேர்ந்துவிட்டது.

மாதிரி அத்தியாயத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அனுப்பினால் பொழுது சாய்வதற்குள் குடும்ப குரூப்பில் இருக்கும், சிங்கப்பூர்ச் சித்தப்பா வரை கருத்துச் சொல்லுவார்கள். உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். பேசினவர் எந்த இடத்தில் குறுக்கே புகுந்து பேசுகிறாரோ அந்த இடம் சரியாக வந்திருக்கிறது. பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் அது வேறு யாருடைய வாழ்க்கையோ.

1984-க்கு வருகிறேன். அப்போது ஐயா சொந்தமாக நாலு பவர் டேபிள் (மின்சாரத் தையல் மெஷின்) போட்டு ஜாப் ஒர்க் செய்ய ஆரம்பித்த சமயம். அதாவது நேற்றுவரை தொழிலாளி, அன்றைக்கு முதலாளி. அவருடைய மச்சான் வேலைநிறுத்தத்தில் கொடி பிடித்தவர். வீட்டுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. இதைச் சொல்லும்போது ஐயா குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் "எழுதுங்க" என்றார். மகனோ, "பையர் யாராவது இங்கிலீஷ்ல போடச் சொல்லிப் படிச்சா லேபர் பிராப்ளம்னு நெனப்பாங்க, வேண்டாங்க" என்றார். பணம் தருகிறவர் வேண்டாம் என்கிறார், பேசுகிறவர் வேண்டும் என்கிறார். இந்தச் சண்டை எல்லாப் புத்தகத்திலும் ஒருமுறை வரும். வருவதற்கு முன்பே தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். என் ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: உள்ளடக்கத்துக்கு இறுதி ஒப்புதல் தருபவர் ஒருவர் மட்டுமே, அவர் பெயர் இன்னது. அந்த இடத்தில் ஐயாவின் பெயரைப் போட்டு மகனிடமே முன்னால் கையெழுத்து வாங்கியிருந்தேன். "ஐயா கையெழுத்துப் போட்டா எடுத்தர்றேனுங்க" என்றேன்.

உண்மையில் அதைத் தீர்த்து வைத்தது ஒப்பந்தம் இல்லை, அந்த வீட்டு அம்மா. காபி கொண்டுவந்தவர் நின்று கேட்டுவிட்டு மகனைப் பார்த்து, "நீ என்ற வயித்துல இருந்தியல்லோ அப்ப. அந்த நாலு மாசம் நகைய வெச்சுத்தான் சோறாக்குனேன். அத எழுதாம என்னடா பொஸ்தகம்?" என்றார். அதுவரை அவரை யாரும் பேட்டி எடுக்கச் சொல்லவில்லை. மகனின் பட்டியலில் அம்மா "துணைவியார்" என்ற ஒரே சொல்லாக இருந்தார். அன்றைக்கே அவரிடம் ஒன்றரை மணி நேரம் பேசினேன். எந்த வருஷத்தையும் அவர் பிள்ளைப்பேற்றை வைத்துத்தான் கணக்குச் சொல்வார், ஆனால் ஒன்றுகூடத் தவறாது. ஐயா 1979 என்று சொன்ன மெஷின், சின்ன மகள் பிறந்த 1981-இல்தான் வந்தது என்று பில்லோடு நிரூபித்தார். யாருடைய வாழ்க்கையை எழுதினாலும் அவர் வீட்டுப் பெண்களிடம் பேச நேரம் ஒதுக்கிக் காசு கேட்பது என் வழக்கம். கணவர்கள் இதைச் செலவு என்பார்கள்.

தேதி என்றதும் காமராஜர் ஞாபகம் வருகிறார். நான் எழுதுகிற புத்தகங்களில் பாதிப் பேரின் தலையைக் காமராஜர் தடவிக் கொடுத்திருக்கிறார். தடவியிருக்கலாம், நாடெல்லாம் சுற்றிய மனிதர். ஆனால் "முதலமைச்சர் காமராஜர் எங்கள் பள்ளிக்கு வந்தார், அப்போது 1966" என்றால் இடிக்கும். அவர் முதலமைச்சராக இருந்தது 1954 முதல் 1963 அக்டோபர் வரை. இந்த மாதிரி இடத்தில் கிளையன்ட்டைப் பொய்யர் ஆக்காமல் திருத்துவது ஒரு தனிக் கலை. "ஐயா, பதவிய விட்டுட்டு கட்சி வேலையா வந்திருப்பாருங்களா?" என்று கேட்டால், "ஆமாமா, அப்படித்தான் இருக்கோணும்" என்று அவரே திருத்திக்கொள்வார். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனேன் என்பவரிடம் மட்டும் நான் பிறந்த தேதி கேட்டுக்கொள்கிறேன். பத்து வயதில் எந்த ஜெயில்? ஆதாரம் இருந்தால் போடுவேன், இல்லையென்றால் "போராட்டத்தை வேடிக்கை பார்த்தேன்" என்று எழுதுவேன். வேடிக்கை பார்த்தவன் சொல்லும் கதை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

உயிரோடு இருக்கிற மூன்றாம் மனிதர்களைத் திட்டுவதுதான் எனக்குப் பயம். திருப்பூர் ஐயாவுக்கும் ஒரு பழைய தொழில் கூட்டாளி உண்டு, பிரிந்த கதையை ஏழெட்டு முறை சொன்னார், ஒவ்வொரு முறையும் கூடுதல் மசாலாவோடு. அதை ஒரு பத்தியில் முடித்தேன்: இன்ன ஆண்டு கூட்டு பிரிந்தது, மெஷின்களை இப்படிப் பங்கிட்டோம், நான் எடுத்துக்கொண்டது இது. கோபம் தெரியும், வழக்குக்கு இடம் இருக்காது. அவதூறு வழக்கு வந்தால் அட்டையில் பெயர் இருப்பவர் மாட்டுவார் என்று நினைக்காதீர்கள். பெயர் இல்லாதவளுக்கும் நோட்டீஸ் வரலாம்.

காசு, காகிதம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ரசனைக்கு இடமில்லை. "புக்கு வெளிய வரட்டும், பாத்துக்கலாங்க" என்பவரிடம் வேலை எடுப்பதில்லை. முன்பணம், முதல் நாலு அத்தியாயத்தில் ஒரு பங்கு, முழுப் பிரதி கொடுத்ததும் மிச்சம். வெளியீட்டு விழாவோடு எந்தத் தவணையையும் கட்டிவைக்கக் கூடாது. விழா தள்ளிப்போகும், சில சமயம் விழா நாயகரே போய்விடுவார். கம்பெனிக் கணக்கிலிருந்து வந்தால் தொழில்முறைக் கட்டணம் என்று 10% வரி பிடித்துத்தான் தருவார்கள். ஒரே இடத்தில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் தாண்டினால் என்று முன்பு இருந்தது, 2025 ஏப்ரல் முதல் 50,000 ஆனது. பிடித்ததை உங்கள் பான் எண்ணில் கட்டினார்களா என்று வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்தும் கட்டாத ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றின் வாசலில் நான் நின்றிருக்கிறேன்.

பதிப்புரிமை விஷயம் எழுதுகிறவர்களுக்கும் தெரியவில்லை, எழுதச் சொல்கிறவர்களுக்கும் தெரியவில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள வேலையில் இல்லாமல் தனியாக எழுதித் தருகிற நமக்குத்தான் முதல் உரிமை. காசு கொடுத்ததாலேயே அது மாறிவிடாது, எழுத்தில் கையெழுத்தோடு மாற்றித் தர வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்வார்கள், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். நான் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதுக்கும் மாற்றித் தருகிறேன், கடைசித் தவணை கைக்கு வந்த தேதியிலிருந்து என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்து. அந்த ஒரு வாக்கியம் வசூலுக்கு ஆள் அனுப்புவதைவிட நன்றாக வேலை செய்கிறது.

விழா நெருங்க நெருங்கத்தான் ஒப்பந்தத்தில் இல்லாத வேலை வரும். அணிந்துரை தருகிற பெரிய மனிதரின் பி.ஏ. கூப்பிடுவார்: "சார் ரொம்ப பிஸி. நீங்களே ஒரு ரெண்டு பக்கம் எழுதி அனுப்பிருங்க, சைன் வாங்கித் தர்றேன்." நான் எழுதிய புத்தகத்தை நானே இன்னொருவர் பெயரில் பாராட்டி எழுத வேண்டும். அப்புறம் மகனின் வரவேற்புரை, ஐயாவின் ஏற்புரை. திருப்பூர் புத்தகத்தில் இப்படி அட்டையிலிருந்து மேடை வரை நாலு குரலில் நான் இருந்தேன், நாலு குரலும் ஒன்றுபோல இருக்கக் கூடாது என்பதில்தான் அதிக நேரம் போனது. பெரிய மனிதர் என்னை நன்றாகவே பாராட்டினார். இதற்கெல்லாம் தனி ரேட் கார்டு உண்டு, முன்பணத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுவேன்.

அச்சகம் இன்னொரு தலைவலி. நான் யூனிகோடில் தருவேன், அங்கே பழைய ஃபான்ட்டுக்கு மாற்றுவார்கள், மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். கடைசி மெய்ப்பை நான் பார்க்காமல் அச்சுக்குப் போகாது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்கிறேன். பிழைக்குக் குடும்பம் அச்சகத்தைத் திட்டாது, என்னைத்தான் திட்டும்.

ரகசியம் காக்கிற தொழிலில் அடுத்த வேலை எப்படி வரும் என்று கேட்கிறார்கள். அட்டையில் பெயர் இல்லை, இணையதளத்தில் போட்டுக்கொள்ள முடியாது. எனக்கு வந்த வேலையில் முக்கால்வாசி ஆடிட்டர்கள், அச்சகக்காரர்கள், விழாவுக்குச் சமைக்கிறவர்கள் சொல்லி வந்தவை. யாருக்கு எப்போது எண்பது நிறைகிறது என்று சமையல்காரருக்குத்தான் முதலில் தெரியும். இது போக, ஒப்பந்தத்தில் ஒரு சலுகை கேட்கிறேன்: பெயர், ஊர் மறைத்து ஏதாவது மூன்று பக்கத்தை வருங்கால கிளையன்ட்டுக்கு நேரில் காட்டலாம், நகல் தரக் கூடாது. பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். எந்த மூன்று பக்கம் என்பதையும் அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். மகன்கள் விருது வாங்கிய பக்கத்தைக் கொடுப்பார்கள். திருப்பூரில் ஐயா, அம்மா நகையை அடகு வைத்த பக்கத்தைக் கொடுத்தார், இப்போது அதைத்தான் எல்லோரிடமும் காட்டுகிறேன்.